மூச்சின் மாத்திரை

கரைவலை இழுப்பதைக் கண்டறியாத வாசகர்க்காக முதலிற் சில சொற்கள் கூறவேண்டும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தற் களப்புமாகக் கிடக்கும் மணற்றிட்டில் உடப்பு என்னும் தமிழூர் உளது. திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பினால் வெளியூராரும் அறிந்த ஊர். சோளகத்தின் கொந்தளிப்பு அடங்கிக் கடல் பணிந்த மாதங்களில், தோணியொன்று வலையை ஏற்றிச் சென்று அரைவட்டமாகக் கடலில் இறக்கி வரும். வலையின் இரு கயிறுகளையும் கரையில் நின்று இரு கூட்டத்தார் இழுப்பர். மடி கரையேற மணிக்கணக்காகும். அந்த நெடிய உழைப்புக்குத் துணையாக ஒருவர் அம்பா பாடுவார். ஏனையோர் ஏற்றுப் பாடுவர். முன்பாட்டுக்காரர் ஓரடியை ஒரே மூச்சிற் பாடி முடிக்க, ஏற்போர் குரல் எழும். அந்த இடைவெளியில் அவர் அடுத்த மூச்சை வாங்கிக்கொள்வார். கயிறு ஒருபொழுதும் தளர்வதில்லை.

என் தாய்மாமன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பாட்டுப் பாடியவர். நான் தமிழாசிரியன். நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் ஆசை இளமையிலேயே என்னைப் பற்றிக்கொண்டது. 1998 இல் ஒரு முறையும் 2009 இல் ஒரு முறையும் மாமனின் அம்பாக்களை அவர் பாடக் கேட்டு எழுதினேன். இரு குறிப்பேடுகளையும் ஒப்பிட்டபோது பல இடங்களில் வேற்றுமை தென்பட்டது. முன்னர் ஓரடியாய் இருந்தது பின்னர் ஈரடியாய் முறிந்திருந்தது. முறிந்த இடத்திற் பொருளற்ற ஓர் அசைச்சொல் வந்து நின்றது. நான் பெருமகிழ்ச்சியோடு அவற்றைப் பாடபேதம் எனக் குறித்து, வாய்மொழி இலக்கியம் காலந்தோறும் உருமாறும் இயல்பினது என்று ஓரத்தில் ஒரு விளக்கமும் எழுதிவைத்தேன். உண்மையிற் பாட்டு மாறவில்லை. பாடியவரின் நெஞ்சு மாறியிருந்தது. அதனை நான் அறிந்தது 2019 ஆம் ஆண்டில், ஓர் இயந்திரத்தின் முன்னால்.

மாமன் வீட்டில் மூச்சுத் தொல்லை மூவருக்கு இருந்தது. மாமன் பதினைந்து வயதிலிருந்து பீடி புகைத்தவர். மாமியோ வெற்றிலையோடுகூடப் புகையிலையைச் சேர்த்தறியாதவர். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடுகு வேய்ந்த தாழ்ந்த அடுப்படியில் பொச்சும் சிரட்டையும் தென்னை மட்டையும் எரித்துச் சமைத்தவர். மகள் வழிப் பேரன் பதினைந்து வயது மாணவன். பந்தடித்துவிட்டு வந்தால் அவன் நெஞ்சிற் குழலூதும். தொய்வு என்றும் இழுப்பு என்றும் முட்டு என்றும் பல பெயரால் வழங்கும் அந்நோயை மாமன் வீட்டார் முட்டு என்றே சொல்லினர். மூவருக்கும் அதே பெயர். மூவருக்கும் ஒரே நீலநிற இன்ஹேலர். சாமிப்படத் தட்டில், திருநீற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் அது இருக்கும். முட்டியவர் எடுத்து இழுத்துவிட்டு மீண்டும் அங்கேயே வைத்துவிடுவார். அது தீர்ந்துபோனால் மருந்துக் கடையிற் சில்லறையாக வாங்கிய குளிசை. இப்படியே இருபது ஆண்டுகள் கழிந்தன.

மாமனை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது எளிதாயிருக்கவில்லை. எங்கள் கரையிலிருந்து கொழும்பு வீதி வழியே சென்று நீர்கொழும்பைத் தாண்டினால் வெலிசறை வரும். அங்குள்ள தேசிய சுவாச நோய் வைத்தியசாலை ஒருகாலத்தில் கசநோயாளர்க்கென்றே பெயர் பெற்றிருந்தது. ஆகவே நெஞ்சைச் சோதிக்கப் போகவேண்டும் என்றாலே எங்கள் முதியோர் காதில் அது கசம் என்றே விழும். “கசம் இல்லாதவனைக் கசக்காரனாக்கப் பார்க்கிறியா தம்பி?” என்று மாமன் என்னைக் கேட்டார். பேரனுக்குத் துணையாக வரவேண்டும் என்று சொல்லித்தான் அவரையும் மாமியையும் வேறொரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். ஆசிரியனாயிருந்தும் நான் சொன்ன பொய்களுள் அது ஒன்று, அதற்காக வருந்தவில்லை.

சோதனை எளியது; செய்வது எளிதன்று. மூக்கை ஒரு கவ்வியால் அடைத்துவிடுவர். இயன்றமட்டும் காற்றை உள்ளே இழுத்து, குழாயை உதடுகளால் இறுகப் பற்றி, வெடித்தாற்போல ஊதவேண்டும். ஊதியபின் நிறுத்தாமல், நெஞ்சிலிருந்து வெளியேறக்கூடிய கடைசிக் காற்றும் போகும்வரை ஆறு விநாடியோ அதற்கு மேலோ ஊதிக்கொண்டேயிருக்க வேண்டும். ஒத்த அளவுகள் கிடைக்கும்வரை மூன்று முறையேனும் இதைச் செய்விப்பர். எங்களை ஊதுவித்த பெண் சிங்களவர். ‘ஊதுங்க’ என்பதே அவர் அறிந்த ஒரே தமிழ்ச்சொல் போலும். ஆனால் அந்த ஒரு சொல்லை அவர் உரத்து, விரைந்து, விடாது சொல்லிய விதம் கரைவலையில் அம்பாப் பாடுவோரையே எனக்கு நினைவூட்டியது. “நான் அம்பா பாடினவன் தங்கச்சி, எனக்கு ஊதப் பழக்க வேணுமா?” என்று சிரித்துக்கொண்டே மாமன் குழாயைப் பற்றினார். திரையிற் கோடு சட்டென ஏறியது. ஏறிய வேகத்திலேயே உட்குழிந்து விழுந்து, பின் தரையோடு தரையாக நீண்டது. அவர் ஊதிக்கொண்டேயிருந்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. உதட்டோரம் நீலம் படர்ந்தது. கோடு ஏறவில்லை. அவருடைய சிரிப்பும் அதனோடு நின்றது.

தமிழ் கற்பிப்பவனுக்கு மூச்சு புதிய பொருளன்று. உந்தியிலிருந்து எழும் காற்றே தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல்லும் நாவும் இதழும் முதலியவற்றாற் பல்வேறு எழுத்தொலியாகிறது என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து. எழுத்தொலியின் அளவைக் கண்ணிமைப் பொழுதாலும் கைந்நொடிப் பொழுதாலும் கணித்து, அதற்கு மாத்திரை என்று அவர் பெயர் கூறினார். திருமூலரோ மூச்சையே மாத்திரையால் அளந்தார்: உள்ளிழுக்க 16, நிறுத்த 64, வெளிவிட 32. உள்வருவதைக் காட்டிலும் வெளிச்செல்வது இரு மடங்கு காலம் பெறுகிறது. (தமிழகத்திற் குளிசையையும் மாத்திரை என்பர் என்று சொல்லி, வகுப்பில் இவ்விடத்தில் மாணவரைச் சிரிக்கவைப்பது என் வழக்கம். அந்தச் சிரிப்பின் பொருள் பின்னாளில் எனக்கே வேறாயிற்று.)

திருமூலர் அளந்தது காலத்தை. காற்றின் கொள்ளளவை அளந்தவர் ஜோன் ஹட்சின்சன் என்னும் ஆங்கிலேய வைத்தியர். நீரிற் கவிழ்த்த ஒரு பாத்திரத்துள் ஊதச்செய்து, பாத்திரம் உயரும் அளவைக்கொண்டு மூச்சைக் கணிக்கும் கருவியை அவர் ஆக்கினார். ஸ்பைரோமீட்டர், அதாவது மூச்சுமானி, என்பது அவர் இட்ட பெயர். 1846 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் அளவுகள் உள்ளன. மாலுமிகள், தீயணைப்போர், பொலிசார், மல்லர், வறியோர், கனவான்கள் எனப் பலதரத்தாரையும் ஊதுவித்திருக்கிறார். உயரம் கூடக் கூட மூச்சின் கொள்ளளவும் ஒழுங்காகக் கூடுகிறது என்பதை முதன்முதல் எண்களாற் காட்டியவர் அவரே. பின்னர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று, 1861 இற் பீஜித் தீவில் இறந்தார். அவர் காலத்தவர் அக்கருவியைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. காரணம், முழு மூச்சு எவ்வளவு என்பது மட்டும் நோயை இனங்காட்டப் போதவில்லை.

காலத்தையும் கொள்ளளவையும் ஒருங்கு சேர்த்தபோதே கதவு திறந்தது. 1947 இல் ரொபேர் திஃபெனோ என்னும் பிரெஞ்சு வைத்தியர், பினெல்லி என்பாரோடு சேர்ந்து, பலமாக ஊதும்போது முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று கேட்டார். இந்தச் சிறு கேள்வியிலேயே இன்றைய சோதனை முழுதும் அடங்கியுள்ளது. நலமுள்ளவர் தம் முழு மூச்சின் நாலிலே மூன்று பங்கையேனும், இளைஞராயின் அதனினும் கூடுதலாக, முதல் விநாடியிலேயே வெளியேற்றிவிடுவர். மூச்சுக்குழல்கள் ஒடுங்கியவரோ மெல்ல மெல்லவே விடுவர்.

ஏன் வெளிமூச்சை அளக்கவேண்டும், உள்மூச்சை அளந்தாலென்ன என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சு விரிகிறது. அந்த விரிவு நுரையீரலுள் இருக்கும் சிறு குழல்களையும் சுற்றிலுமிருந்து இழுத்துத் திறந்து வைக்கிறது. வெளிவிடும்போது அந்த இழுவை குறைகிறது. பலமாக ஊதினாலோ நெஞ்சின் அழுத்தம் குழல்களையே நெரிக்கிறது. உட்சுவர் வீங்கியோ சளி அடைத்தோ தசை இறுகியோ குழல் ஏற்கெனவே ஒடுங்கியிருப்பின், அவ்வேளையில் அது மூடிக்கொள்ளும். காற்று உள்ளே தங்கிவிடும். தங்கிய காற்றின்மேல் அடுத்த மூச்சை வாங்க இடமிராது. ‘மூச்சு எடுக்க முடியவில்லை’ என்று நோயாளர் சொல்வது அதனாலேயே. உண்மையில் அவருக்கு முடியாதது விடுவது. அம்பாவின் அடி வெளிமூச்சிலேயே பாடப்படுகிறது என்பதை இவ்விடத்தில் நான் மீண்டும் எண்ணிக்கொண்டேன்.

அன்று கிடைத்த எண்களை என் குறிப்பேட்டிலிருந்தே தருகிறேன். மாமனின் முழு மூச்சு 2.8 லீற்றர், முதல் விநாடியில் வந்தது 1.2. நூற்றுக்கு 43. மாமியின் முழு மூச்சு 1.7, முதல் விநாடியில் 0.9. நூற்றுக்கு 53. பேரனுடையது 3.0, முதல் விநாடியில் 1.9. நூற்றுக்கு 63. மூவரும் தடையுற்றவரே. இவ்வளவில் நிறுத்தியிருந்தால் வீட்டில் வழங்கிய ஒற்றைப் பெயரே சரியென்று முடிந்திருக்கும். ஆனால் சோதனையின் பாதியே முடிந்திருந்தது. மூவருக்கும் மூச்சுக்குழல் விரிக்கும் மருந்தை இன்ஹேலரால் இழுக்கக் கொடுத்து, கால் மணி நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

அந்தக் கால் மணி நேரத்துக்குள், மருந்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதில் நம் பக்கத்தார்க்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையில் அரசாங்கத் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் அன்டர்சன், இழுப்பு நோய்க்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்நாட்டு முறையை அறிந்திருந்தார். 1802 இல் ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் அம்முறையைச் சென்னையிலிருந்து பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊமத்தைச் சுருட்டு மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. ஊமத்தை நஞ்சு, மயக்கமும் பிதற்றலும் தந்து உயிரையும் வாங்கும். ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் வேலியோரத்தைத் தேடவேண்டாம். ஆனால் அதிலுள்ள அத்ரோப்பீன் இனப் பொருள், குழல்களை இறுக்கும் நரம்பின் ஏவலைத் தடுக்கிறது. அந்த மூலக்கூறைத் திருத்தி, உடலெங்கும் பரவாது நெஞ்சளவில் நிற்கச்செய்தபோது, 1970களில் ஐப்பிரட்ரோப்பியமும் பின்னர் தியோட்ரோப்பியமும் பிறந்தன.

மற்றொரு வழி, குழலை விரிக்கும் ஏவலைத் தூண்டுவது. சீனர் நெடுங்காலம் வழங்கிய ஒரு செடியின் எபெட்ரின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊசியாகப் போடப்பட்ட அட்ரினலீன், அதன்பின் ஐசோபிரினலீன் ஆகியன இவ்வழியின. இவை நெஞ்சை விரித்தன, இருதயத்தையும் துடிக்கவைத்தன. 1955 இல் அமெரிக்க மருந்து நிறுவனமொன்றின் தலைவர் ஜோர்ஜ் மேசனிடம், முட்டு நோயுற்ற அவருடைய மகள், தலைமயிருக்குத் தெளிக்கும் புட்டியைப்போல் என் மருந்தையும் ஏன் அடைக்கக்கூடாது என்று கேட்டாளாம். அடுத்த ஆண்டே அளவாகத் தெளிக்கும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது. பிரித்தானியாவில் டேவிட் ஜாக் என்பாரின் குழுவினர் இருதயத்தைப் பெரிதும் தொடாது குழலை விரிக்கும் சல்பியூட்டமோலைக் கண்டு, 1969 இல் அது விற்பனைக்கு வந்தது. சாமிப்படத் தட்டில் இருந்த நீலப் புட்டி அதுவே. தேயிலையிற் சிறிதளவு இருப்பதாக 1888 இல் அல்பிரெக்ட் கொசெல் கண்ட தியோபிலினும் இக்கூட்டத்தில் ஒன்று. மாமி இருபது ஆண்டு விழுங்கிய குளிசைகளுள் அதுவும் இருந்தது. அதன் அளவு சற்றே மிகுந்தாலும் குமட்டலும் நடுக்கமும் படபடப்பும் வரும். மாமியின் கைந்நடுக்கத்தை நாங்கள் முதுமை என்று எண்ணியிருந்தோம்.

கால் மணி கழிந்தது. பேரன் முதலில் ஊதினான். முதல் விநாடி 1.9 இலிருந்து 2.5 ஆயிற்று; முழு மூச்சு 3.1. நூற்றுக்கு 81. குழி விழுந்திருந்த கோடு நிமிர்ந்து நேர்சாய்வாக இறங்கியது. மாமனுக்கு 1.2 என்பது 1.3 ஆயிற்று. மாமிக்கு 0.9 என்பது 1.0. நூறு மில்லிலீற்றர், அதாவது அரைக் கோப்பைத் தேநீர். தொடக்க அளவில் நூற்றுக்குப் பன்னிரண்டும், கூடவே 200 மில்லிலீற்றரும் ஏறினால் மட்டுமே தடை மருந்துக்கு நெகிழ்ந்ததாகக் கொள்வது வைத்தியர் நெடுங்காலம் கைக்கொண்ட விதி. 2022 இல் வெளிவந்த புதிய நெறியில் இக்கணக்குச் சற்று மாற்றப்பட்டுள்ளது. எப்படிக் கணித்தாலும் பேரன் ஒரு கரையில், முதியோர் இருவரும் மறுகரையில். மருந்தின் பின்னும் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே நிற்பது நாட்பட்ட சுவாசத்தடை நோயின் அடையாளம். இந்த எண்கள் மட்டும் தீர்ப்பாகா என்பதையும் சொல்லவேண்டும். முட்டுடையவர் நல்ல நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே வரும். சுவாசத்தடை நோயாளர் சிலர்க்கும் மருந்து ஓரளவு ஏற்றம் தரும். வயதையும் வாழ்க்கையையும் கேட்டறிந்தே வைத்தியர் முடிவு செய்கிறார். எங்களிடமும் அவ்வாறே கேட்டார். பீடியைப் பற்றி மாமனிடம் கேட்டவர், மாமியிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டார். இருபது ஆண்டுகளில் மாமியை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவரே.

பெயர் மாறினால் மருந்தும் மாறும் என்பதை அன்று கண்டேன். பேரனின் குழல்களில் மூலக்குற்றம் அழற்சி. நீலப் புட்டி இறுகிய தசையைத் தளர்த்துமேயன்றி அழற்சியைத் தணியாது. அதனை மட்டுமே நம்பி மீண்டும் மீண்டும் இழுப்பது ஆபத்து. 1960களில் பிரித்தானியா முதலிய நாடுகளில் முட்டு நோயாற் சாவுகள் பெருகியபோது, அதிவலு ஐசோபிரினலீன் இன்ஹேலர்களின்மீது ஐயம் விழுந்தது. 2019 இல் உலக ஆஸ்துமா நெறிமுறையும், விரிக்கும் மருந்தை மட்டும் கொடுக்கலாகாது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் இன்ஹேலரும் வேண்டும் என்று மாற்றியெழுதப்பட்டது. பேரனுக்கு அது கிடைத்தது. இன்று அவன் கால்பந்து ஆடுகிறான். பாடத்தில் மட்டும் மூச்சு வாங்குகிறான்.

மாமனுக்கு வைத்தியர் சொன்னது பீடியை விடு என்பதே. பிளெச்சர், பீற்றோ என்னும் இருவர் லண்டன் தொழிலாளரை எட்டாண்டு பின்தொடர்ந்து 1977 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரம். புகையால் இழந்த மூச்சு திரும்பாது. ஆனால் நிறுத்திய நாள்முதல் இழப்பின் வேகம் புகையாதவரின் வேகத்துக்குத் தணியும். இதனை மாமனுக்கு விளக்கியபோது, “அப்ப முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார். நான் என் இரண்டு குறிப்பேடுகளையும் எண்ணிப் பேசாதிருந்தேன். 1998 க்கும் 2009 க்கும் இடையே முறிந்த அடிகள் பதினேழு. பாதி மூச்சு தொலையும்வரை நோய் வெளியே தெரியாது என்பர். என் கையில் அது எழுத்திலேயே இருந்தது. எண் ஏறாவிடினும் விரிக்கும் மருந்தால் அவருக்குப் பயன் உண்டாயிற்று. நெஞ்சில் தேங்கிய காற்றில் ஒரு பங்கு வெளியேற, அடுத்த மூச்சுக்கு இடம் கிடைக்கிறது. வீட்டிலிருந்து கரைவரை இடையில் நில்லாது நடந்தார்.

மாமியின் செய்தி வேறு. சமையற் புகையும் வீட்டுள் மாசுற்ற காற்றும் 2020 இல் மட்டும் உலகெங்கும் முப்பத்திரண்டு இலட்சம் உயிர்களைக் கொண்டன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. புகையாதவர்க்கும் இந்நோய் வருமா என வியப்போர் எங்கள் கரையின் அடுப்படிகளில் ஒரு நாள் நின்று பார்க்கவேண்டும். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். படுப்பதும் சமைப்பதும் ஒரே கூரையின் கீழ். அந்தப் பெண்களிற் பலரும் இன்று மாமியின் வயதை எட்டியிருப்பர். அவர்களை எவரேனும் ஊதச் சொல்லியிருப்பரா?

வைத்தியர் சொற்படி மருமகப்பிள்ளை எரிவாயு அடுப்பு வாங்கிக் கொடுத்தார். மாமி அதனை முதலில் நம்பவில்லை. மீன்குழம்பு அதில் ருசிக்காது என்றார். பின்னர் பழகிக்கொண்டார். இரவில் இருமாமல் உறங்கத் தொடங்கினார். 2022 இல் நாட்டில் எரிவாயு இல்லாதொழிந்தது. சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எல்லோரும் அறிவர். மாமி வரிசையில் நிற்கவில்லை. பழைய அடுப்படிக்குப் போனார். மழைக்காலத்து ஈரப் பொச்சு எரியாது, புகையும். ஐப்பசியில் அவரைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினோம். பிராணவாயு வைத்துப் பிழைப்பித்தனர். பின்னர் ஊதியபோது முதல் விநாடி 0.7. குறிப்பேட்டில் 0.9, 1.0, 0.7 என்று மூன்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. இப்பொழுது எரிவாயு கிடைக்கிறது. அந்த 0.3 கிடைக்கவில்லை.

எங்கள் கரையில் அடுப்புக்கு வெளியிலும் புகையும் தூசும் உண்டு. அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் இரயிலேறிப் பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்கு வருகிறது. நுரைச்சோலையில் 2011 இல் தொடங்கிய நிலக்கரி மின்னிலையம் 900 மெகாவாற்று வலு உடையது. கரியும் சாம்பலும் காற்றிற் பறக்கின்றன என்று அயலூரார் முறையிட்டதுண்டு. ஒருவரின் முட்டுக்கு இன்னதே காரணம் என்று புகைபோக்கியைச் சுட்டிக்காட்டிவிடுவது எளிது. நான் அதைச் செய்யேன். ஆனால் இக்கரைப் பள்ளிப் பிள்ளைகளின் மூச்சை ஆண்டுக்கொரு முறை அளந்து எழுதிவைத்திருந்தால், இன்று வாதத்துக்கு இடமிராது. முழுக் கருவியும் வேண்டியதில்லை. மார்ட்டின் றைற் என்பவர் 1959 இல் அறிமுகஞ்செய்த உச்ச ஊதல்மானியின் சிறிய வடிவம் ஒரு நல்ல பேனாப்பெட்டியளவே இருக்கும். அது மூச்சுமானிக்கு ஈடாகாது. எனினும் ஒரு பிள்ளையின் இன்றைய ஊதலை அதே பிள்ளையின் நேற்றைய ஊதலோடு ஒப்பிடப் போதும். பாடசாலைகளில் உயரத்தையும் நிறையையும் ஆண்டுதோறும் எழுதிவைக்கிறோமே!

நேற்றைய அளவோடு ஒப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊதியவரின் அளவை இயந்திரம் ‘எதிர்பார்த்த அளவு’ ஒன்றோடு ஒப்பிட்டு நூற்றுவீதம் சொல்கிறது. எதிர்பார்த்தவர் யார்? ஐரோப்பியரை அளந்து எழுதிய அட்டவணையில் நம்மவரை வைத்தால் நலமுள்ளவரும் குறைந்தவராகத் தோன்றுவர். இனத்துக்கொரு கழிவு கொடுத்தாலோ வறுமையும் புகையும் பறித்ததை இயற்கையென்று மூடிமறைத்தவராவோம். இவ்வாதம் உலகெங்கும் நடந்து, இனப்பாகுபாடற்ற பொதுச் சமன்பாடு அண்மையில் முன்வைக்கப்பட்டுள்ளது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் நம் நாட்டவரின் மூச்சளவுகளை ஆராய்ந்தோர் உளர். உடப்பில் கயிறிழுத்துக் காய்ந்த நெஞ்சுக்கு எந்த அட்டவணை பொருந்தும் என்பது எனக்கு இன்றும் சுவையான வினா.

சென்ற தை மாதம் மாமனோடு கரைக்குப் போயிருந்தேன். அவர் இப்போது கயிற்றைத் தொடுவதில்லை. கவிழ்த்துவைத்த தோணியின்மேல் அமர்ந்திருப்பார். பீடி விட்டு ஐந்தாண்டுக்கு மேலாகிறது. முன்பாட்டுப் பாடியவன் இளைஞன். மாமனிடமே கேட்டுப் பழகியவன். அவன் பாடிய அம்பாவில் அடி இரண்டாக முறிந்து, நடுவில் அந்த அசைச்சொல் வந்தது. நான் திரும்பி மாமனைப் பார்த்தேன். அவர் எழுந்து அவனருகே சென்று, “அதில நிக்காதடா, அது நான் இளைச்ச இடம். இழுத்துப் பாடு” என்றார். பையன் விளங்காமல் விழித்தான். மாமன் தன் நெஞ்சிற் கைவைத்து, பாடாமல், வலக்கையை மெல்ல நீட்டி அடியின் நீளத்தைக் காட்டினார். கை முழுதாக நீண்டபின்பே விரலைச் சொடுக்கினார். அடுத்த இழுவையிற் பையன் அவ்வளவும் பாடினான்.